கிளாமிடோமோனாஸ் வளர்ப்பு நீந்தாமல் கொத்தாகத் தங்குகிறது: காரணத்தைப் பிரித்தறிய உதவி தேவை

ஆய்வகத்தில் நாங்கள் வளர்த்துவரும் கிளாமிடோமோனாஸ் ரைன்ஹார்டி என்னும் நன்னீர்ப் பாசியின் செல்கள் கடந்த மாத நடுப்பகுதியிலிருந்து நீந்துவதை நிறுத்திவிட்டு, குடுவையின் அடியில் பச்சைப் படிவாகத் தங்கிவிடுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், பிரிந்து வெளியேற வேண்டிய சேய்செல்கள் நான்காகவும் எட்டாகவும் தாய்செல்லின் சுவருக்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன. நீந்த உதவும் சாட்டை போன்ற கசையிழை எதுவும் புலப்படவில்லை. நிறம் மங்கவில்லை, செல் பிரிதலும் நிற்கவில்லை என்பதால், இது சாகும் வளர்ப்பு அன்று.

வளர்ப்பூடகம் டிஏபி (டிரிஸ்-அசிட்டேட்-பாஸ்பேட் கரைசல்), பிஎச் 7, வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ், 12 மணி நேரம் ஒளி, 12 மணி நேரம் இருள், மெதுவான குலுக்கல். புதிய ஊடகத்துக்கு மாற்றினோம், கால்சியம் குளோரைடைச் சற்றுக் கூட்டினோம், அகார் கூழ்த்தட்டில் செல்களைக் கோடாகப் பரப்பித் தனித் திரள்களிலிருந்து மீண்டும் தொடங்கினோம், பலனில்லை. இப்பாசியைக் கொத்தாகத் திரளத் தூண்டக்கூடிய ரோட்டிஃபர் (நுண்ணிய நீர்வாழ் விலங்கு) போன்ற இரைகொல்லிகளையும் தேடினோம், எதுவும் தென்படவில்லை. பாக்டீரியக் கலப்பும் இல்லை. பழைய உறைநிலைச் சேமிப்பு இல்லாததால் மூல வகைக்குத் திரும்பவும் வழியில்லை.

பாலினச் செல்கள் இணையும்போது வெளிவிடும் சுவர்கரைப்பு நொதியைச் சேர்த்துப் பார்க்கலாம் என்றால், இணைவதற்கு எதிரெதிரான இரு இணைவகைகள் (பாலினம் போன்ற வகைகள்) வேண்டும்; எங்களிடம் ஒரே இணைவகைதான் உள்ளது. அந்நொதி இல்லாமலே, இந்தக் குறை தாய்ச்சுவர் கரையாததால் வருகிறதா, கசையிழை உருவாகாததால் வருகிறதா என்பதைப் பிரித்தறிய எந்தச் சோதனையைச் செய்யலாம்?