பந்து எறியும் கவண்: முறுக்கிய விதமும் திடலில் கண்டதும்

முதல் பகிர்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு லாஸ்டிக் என்னும் உண்டிவில் தெரியாமல் இராது. கொய்யாக் கவையும் பழைய சைக்கிள் டியூப்பும் கிடைத்தால் பிள்ளைகளே அதைச் செய்துகொள்வார்கள். கயிற்றுக் கவணை மட்டும், தினைப்புனத்துப் பரண்மேல் நின்று ஆலோலம் பாடும் வள்ளியின் கையில் கோயில் ஓவியங்களில் பார்த்திருப்போமே தவிர, எடுத்து எறிந்தவர்கள் நம்மிடையே குறைவு. பள்ளி விடுமுறையில் அக்காள் பிள்ளைகளுக்காக டென்னிஸ் பந்து எறியும் கவண் ஒன்றைச் செய்யத் தொடங்கிய நான், பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய பிறகும் அந்த வேலையை விடவில்லை. எறிபவரின் தோள்வலிமையைவிட, பந்து உட்காரும் பைதான் எறிதலின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது எனக்கு இப்போது உறுதியாகிவிட்டது; அதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

கவணின் அமைப்பு எளியது. நடுவில் ஒரு பை, அதன் இரு முனைகளிலிருந்தும் இரு கயிறுகள். ஒரு கயிற்றின் நுனியில் உள்ள கண்ணியை நடுவிரலில் மாட்டிக்கொள்ள வேண்டும். மற்றதன் நுனியில் உள்ள முடிச்சைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடிக்க வேண்டும். சுழற்றி, உரிய நொடியில் முடிச்சை விட்டால் பை விரியும். அந்தக் கணத்தில் பந்து எத்திசையில் சென்றுகொண்டிருந்ததோ அத்திசையிலேயே புறப்பட்டுவிடும். கண்ணி விரலிலேயே இருப்பதால் கவண் கையை விட்டுப் போகாது.

ஊர்ச் சந்தையான பாசாருக்குப் பக்கத்திலுள்ள ஹார்ட்வேர் கடையில் கிடைத்த கயிறுகள் எல்லாவற்றையும் வாங்கி ஒப்பிட்டேன். நைலான் கயிறு வலிமையானதுதான். ஆனால் இழுவையில் நீண்டு, விடும்போது சுருங்குவதால், ஒரே மாதிரி எறிந்தாலும் பந்து ஒரே மாதிரி போவதில்லை. பிளாஸ்டிக் ராஃபியா கயிறு விரலில் வழுக்கும். சில நாளில் நார்நாராகப் பிரிந்தும் போகும். தென்னங்கயிறு நீளாது என்றாலும், விறைப்பாக நின்று விரலை அறுக்கும். சணல் கயிறு இவை எல்லாவற்றையும்விட நன்றாக அமைந்தது. அது நீள்வது மிகக் குறைவு, விரலுக்குப் பிடிமானம் தரும், பின்னினால் படிந்து வரும். நம் ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடிப்பது ஒன்றே அதன் குறை.

இரண்டரை மீட்டர் நீளத்தில் ஆறு சணல் இழைகளை வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று புரிகளாக்கி, ஜன்னல் கம்பியில் கட்டி, தலைமுடியைப் பின்னும் அதே மூன்று புரிப் பின்னலாகப் பின்னிக்கொண்டு வந்தேன். பின்னப் பின்ன நீளம் குறையும் என்பதால் தொடக்கத்தில் தாராளமாக வெட்டிக்கொள்வது நல்லது. இழைகளை முன்கூட்டியே லேசாக நனைத்துக்கொண்டால் பின்னல் இறுக்கமாக விழும். கண்ணியிலிருந்து பை வரை 65 செண்டிமீட்டர் வந்ததும் மூன்று புரிகளைக் கலைத்து, ஆறு இழைகளையும் மும்மூன்றாக இரு கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் 13 செண்டிமீட்டர் தனித்தனியே மெல்லிய பின்னலாக முடித்து, மறுபடி ஒன்றுசேர்த்து இரண்டாவது கயிற்றைத் தொடர்ந்தேன். அந்தப் பிளவுதான் பை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் லாமா, அல்பாக்கா ரோமத்தால் மேய்ப்பர்கள் நெய்யும் கவண்களிலும் பையின் நடுவே இத்தகைய பிளவைக் காணலாம்.

பையில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். கல்லுக்கு வெறும் பிளவே போதும். சொரசொரப்பும் கனமும் உள்ள கல் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். டென்னிஸ் பந்து அப்படி இருக்காது. 6.54 முதல் 6.86 செண்டிமீட்டர் விட்டமும் 56 முதல் 59.4 கிராம் எடையும் கொண்ட அந்த உருண்டை, இரு கிளைகளுக்கும் நடுவில் சற்றே சாய்ந்தாலும் உருண்டு விழுந்துவிடும். ஆகவே தனி இழை ஒன்றை எடுத்து, கிளைகளுக்குக் குறுக்கே ஒரு விரல் இடைவெளியில் வலைபோல் முடிந்துகொண்டு போனேன். முடியும்போது பந்தை உள்ளே வைத்து, அதன் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொரு குறுக்கிழையையும் கொஞ்சம் தொய்வாக விட வேண்டும். அப்போது வலை குழிந்து, குழந்தையைத் தூளி ஏந்துவதுபோல் பந்தை ஏந்திக்கொள்கிறது. பந்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே அமர்ந்தால் சரியான அளவு. அதற்கு மேல் ஆழமானால், முடிச்சை விட்ட பிறகும் வலை பந்தைப் பிடித்துவைத்து, தாமதமாக வெளியேற்றி, தரையில் அடிக்கச் செய்யும். ஆழம் குறைந்தாலோ சுழற்றத் தொடங்கும்போதே பந்து நழுவிவிடும்.

பையைச் சோதிக்கத் திடலுக்குப் போக வேண்டியதில்லை. பந்தை வைத்து, இரு கயிறுகளையும் ஒன்றாகப் பிடித்துத் தொங்கவிட்டு, இடவலமாக ஆட்டிப் பாருங்கள், பந்து நகரக்கூடாது. பிறகு முடிச்சை மட்டும் விடுங்கள். பந்து எந்த இழையிலும் சிக்காமல் உடனே விழ வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமையாத கவணை வெளியே எடுத்துச் செல்ல நான் சம்மதிக்க மாட்டேன்.

இறுதி முடிச்சைப் போடுவதற்கு முன், ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பையில் கட்டி ஓர் இரவு தொங்கவிடுவது நல்ல பழக்கம். சணல் எவ்வளவு நீளுமோ அவ்வளவும் அன்றே நீண்டுவிடும். அதன் பிறகு கண்ணியை விரலில் மாட்டி, பந்தைப் பையில் வைத்து, இரு கயிறுகளும் சமமாக விறைத்து நிற்கும் இடத்தைக் கையாலேயே கண்டுபிடித்து அங்கே முடிச்சைப் போட வேண்டும். அளவுநாடாவில் பார்த்தால் இரு கயிறுகளும் சமமாக இல்லாததுபோல் தோன்றலாம். கண்ணி விரலின் அடியிலும் முடிச்சு விரல்நுனியிலும் இருப்பதே அதற்குக் காரணம். இந்த விஷயத்தில் கையின் தீர்ப்பையே நம்ப வேண்டும்.

கயிற்றின் மேல் விழும் இழுவையையும் சொல்லிவிடுகிறேன். 65 செண்டிமீட்டர் கவணை நொடிக்கு மூன்று சுற்று சுற்றினால் பந்தின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 12 மீட்டர். அப்போது 58 கிராம் பந்து கிட்டத்தட்ட 1.4 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவுக்குக் கயிற்றை இழுக்கும். சுழற்சியை இரட்டிப்பாக்கினால் இழுவை நான்கு மடங்காகும். நைந்த இழையோடு எறியக்கூடாது என்று நான் பிள்ளைகளிடம் பிடிவாதமாக இருப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

எறிந்து பார்த்தது பழைய தோட்டத்துத் திடலில். ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் இடிந்த ஆயக்கொட்டகை (தொழிலாளர் பிள்ளைகளின் பழைய காப்பகம்). மாலை மழைக்கு முன் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. தலைக்கு மேலே பலமுறை சுற்றிவிட்டு எறிவதுதான் கவண் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சுற்றுகள் பந்தைப் பையில் நிலைநிறுத்த உதவலாமே தவிர, வேகத்தைக் கொடுப்பது கடைசிச் சுற்றுதான். பந்தை முன்னே தொங்கவிட்டு, பின்னே வீசி, ஒரே சுற்றில் கையை மேலே கொண்டுவந்து எறிந்தபோது பந்து நேராகச் சென்றது. கையைத் தலைக்கு மேலாக முன்னோக்கி வீசும் இந்த முறையில், முடிச்சைச் சீக்கிரம் விட்டால் பந்து வானத்தை நோக்கிப் போகும். தாமதமாக விட்டால் காலடிப் புல்லில் மோதும். வலக்கைக்காரர் பக்கவாட்டில் வீசினால், சீக்கிரம் விட்ட பந்து வலப்புறமும் தாமதித்தது இடப்புறமும் விலகும். பந்து எங்கே விழுந்தது என்பதைப் பார்த்தே விரல் எப்போது திறந்தது என்று சொல்லிவிடலாம் என்பதால், கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசான் வேண்டியதில்லை.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாக அமைந்த எறிதலில் டென்னிஸ் பந்து கோல் கம்பத்திலிருந்து திடலின் நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது. எவ்வளவு வேகமாக எறிந்தாலும் அதற்கு மேல் அதிகம் போகவில்லை. பந்தின் மேலுள்ள ரோமத்துணி காற்றைப் பிடித்துக்கொள்கிறது. நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் அதன் மேல் விழும் காற்றுத்தடை அதன் எடையைவிடவே அதிகம். 1981-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லாரி பிரே என்பவர் 129.5 செண்டிமீட்டர் நீளமுள்ள கவணால் 437.10 மீட்டர் தூரம் எறிந்து உலகச் சாதனை படைத்தார். அவர் எறிந்த நீள்வட்டக் கல்லின் எடை 52 கிராம், அதாவது டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம் குறைவு. எடையில் அருகருகே நிற்கும் இரண்டு பொருள்கள் தூரத்தில் இப்படி விலகிப் போவதைப் பார்க்கும்போது, நம் கவணின் பயனைக் குறியிலும் விளையாட்டிலும் தேடுவதே முறை என்று தோன்றுகிறது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பந்து விரைவாக வேகம் இழப்பது பெரிய நன்மையும்கூட.

இரண்டாவது பகிர்வு

மேலே எழுதியவரின் விளக்கத்தைப் படித்ததும் என் தகப்பனார் நினைவுக்கு வந்ததால் நானும் எழுதுகிறேன். நாங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த காலத்தில், வீட்டுக்குப் பின்னால் மரவள்ளியும் சோளமும் போட்டிருந்தோம். ரப்பர் பால்மரக் காட்டிலிருந்து குரங்குகள் கூட்டமாக இறங்கிவந்து பிடுங்கிப் போடும். அப்பா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போவதற்கு முன், கோணிச் சாக்கை அவிழ்த்து எடுத்த நாரில் திரித்த கவணை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். அம்மா குரங்கின் மேல் எறிந்ததில்லை. தகரக் கூரையின் மேலோ செடிகளுக்கு இப்பாலோ எறிவார், அந்தச் சத்தத்துக்கே அவை ஓடிவிடும்.

நாங்கள் எறிந்தது ஒட்டுப்பால் பந்து. மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நீளமாக உரித்து, ஒரு சிறு உருண்டையின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டே வந்தால் கைக்கு அடக்கமான பந்து கிடைக்கும். அது டென்னிஸ் பந்தைவிடக் கனமானது, கயிற்றில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ளது. ஆகவே அப்பா செய்த பையில் குறுக்கிழை கிடையாது, இரு கிளைகள் மட்டுமே. பந்துக்கு ஏற்றபடி பை என்று நண்பர் சொல்வது எங்கள் வீட்டிலும் அப்படியேதான் நடந்திருக்கிறது. ஒட்டுப்பால் பந்தில் பிசுக்கு அதிகமானால் அம்மா அதைச் சாம்பலில் ஒருமுறை புரட்டி எடுப்பார். பிறகு அது பையை விட்டுச் சுலபமாகக் கழன்றுவிடும்.

இப்போது அந்த நிலம் முழுவதும் செம்பனை. ஒட்டுப்பால் பந்து செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு யாராவது ஒன்று செய்து, இந்த வலைப் பையில் வைத்து எறிந்து பார்த்து எழுதினால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருக்கும்.

முதலில் எழுதியவரின் பதில்

அம்மா, நீங்கள் கேட்டபடியே செய்து பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்தில் மரம் சீவிய பெரியவர் ஒருவர் முகம் மலர்ந்து எனக்குப் பந்து சுற்றிக் கொடுத்தார். சமையலறைத் தராசில் அது ஏறக்குறைய 150 கிராம் நின்றது. அதே மூன்று சுற்று வேகத்தில் இந்தப் பந்து கயிற்றை மூன்றரை கிலோ அளவுக்கு இழுக்கும் என்பதால், இழைகளை இரட்டிப்பாக்கிப் புதிய கவண் ஒன்றை முறுக்கினேன். வலைப் பை அதற்கு ஒத்துவரவில்லை. பிசுக்கு இழைகளில் பற்றிக்கொண்டு பந்து தாமதமாகவே வெளியேறியது. குறுக்கிழைகளை அவிழ்த்துவிட்டு, சாம்பலில் புரட்டி எறிந்தபோது, உங்கள் தகப்பனாரின் அமைப்பு எவ்வளவு பொருத்தமானது என்பது முதல் எறியிலேயே தெரிந்தது. மத்தியதரைக் கடலின் பலியாரிக் தீவுகளைச் சேர்ந்த பண்டைய கவண் வீரர்கள், அருகில் எறிய ஒன்று, தொலைவில் எறிய ஒன்று, இடைத்தூரத்துக்கு ஒன்று என மூன்று கவண்களை உடன் வைத்திருந்தார்கள் என்று கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அவர்கள் தூரத்துக்கு ஏற்ப மாற்றியதைப்போல, நான் இப்போது பந்துக்கு ஏற்ப இரண்டு கவண்களை வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒட்டுப்பால் பந்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அது டென்னிஸ் பந்தைப்போல் காற்றில் தளர்வதில்லை. தரையில் பட்டும் உயரமாக எழும்பிப் போகிறது. எந்தப் பந்தானாலும், எறிபவருக்குப் பின்னால் நிற்பதும் முன்னால் நிற்பதைப் போலவே ஆபத்தானது. நழுவிய பந்து எத்திசையிலும் போகும். பிள்ளைகளைக் கோல் கம்பத்துக்கு அப்பால் தள்ளி மரத்தடியில் நிறுத்திவிட்டு, ஒருவர் எறிந்து முடித்துப் பந்தை எடுத்துவந்த பிறகே அடுத்தவர் கவணைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்கம்பி போகும் பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் வரும் செம்மண் சாலைப் பக்கமும் எறியவே கூடாது.

சணலின் பூசணத்துக்கு வழி கேட்டு ஒருவர் தனியாக எழுதியிருந்தார். எறிந்து வந்ததும் கவணைச் சுருட்டி அலமாரியில் போடாமல், காற்றோட்டமான இடத்தில் ஆணியில் நீளமாகத் தொங்கவிட்டாலே பெரும்பாலும் போதும். மழையில் நனைந்திருந்தால் பையில் பந்தை வைத்தபடியே தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் வலை காயும்போது சுருங்கி, குழிவு தட்டையாகி, அடுத்த முறை பந்து நிற்காது. விரல் கண்ணியின் உட்புறத்தை மட்டும் எறிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பாருங்கள். என் கவண்களில் இழை முதலில் நைவது அங்கேதான்.