காபூல் பயிற்சி முகாமில் நான் கண்டவை

ஈராக்கில் வேலை பார்த்த அனுபவத்தை வள்ளியூர் அண்ணாச்சி எழுதியிருந்ததைப் படித்த பிறகு, காபூலில் நான் கண்டதையும் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றியது. எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். துபாயில் உணவுப்பொருள் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னை, ஒப்பந்த நிறுவனம் 2011இல் காபூலுக்கு அனுப்பியது. நகரின் கிழக்கே இருந்த ஆப்கன் ராணுவப் பயிற்சி மையத்தை ஒட்டிய பன்னாட்டு முகாமின் மெஸ்ஸில்தான் வேலை.

ஆப்கன் படைகளைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு அப்போது நேட்டோ பயிற்சிப் பணியகத்திடம் இருந்தது. 2009 நவம்பரில் தொடங்கிய அந்த அமைப்பின் இலக்கு, ராணுவமும் காவல் துறையுமாக 3,52,000 பேரை உருவாக்குவது. எங்கள் முகாமில் கனடா நாட்டவர் அதிகம். கந்தஹாரில் போர்ப் பணியை முடித்துக்கொண்ட அந்நாடு, 2014 மார்ச் வரை பயிற்சிக்கென்று 950 பேர் வரை ஆப்கானிஸ்தானில் வைத்திருந்தது.

தண்ணீர்ப் போத்தல்களை இறக்கி வைக்கப் போகும்போது அங்கிருந்த எழுத்தறிவு வகுப்பைப் பார்த்திருக்கிறேன். பணியகம் தொடங்கிய காலத்தில் புதிதாகச் சேர்ந்த வீரர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால், துப்பாக்கிப் பயிற்சியோடு எழுத்துப் பயிற்சியும் கட்டாயமாகியிருந்தது. மீசை அரும்பிய ஒரு பையன் துப்பாக்கியை மடியில் கிடத்தி, அதில் பொறித்திருந்த எண்ணை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்து, நோட்டில் எழுதிவிட்டு, சரியா என்று ஆசிரியரின் முகத்தைப் பார்த்தான். தன் ஆயுதம் எது, தன் சம்பளம் எவ்வளவு என்று அவனுக்கே தெரிந்தால் மேலே இருப்பவன் ஏமாற்ற முடியாது. வர்தக் மாகாணத்தில் 2009இல் சில காவலர்களுக்குக் கைப்பேசி வழியாகச் சம்பளம் அனுப்பியபோது, ஊதிய உயர்வு கிடைத்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்களாம். முழுச் சம்பளம் அன்றுதான் முதல்முறையாக அவர்கள் கைக்கு வந்திருந்தது. பன்னாட்டுப் படைகள் அங்கே செய்தவற்றில் நான் மனதாரப் பாராட்டுவது இந்த இரண்டையும்தான்.

பெஷாவரில் அகதியாக வளர்ந்த ஒரு ஆப்கன் ஹவில்தார் என்னிடம் உருதுவில் பேசுவார். எனக்குத் தெரிந்த இந்தி அதற்குப் போதுமானதாக இருந்தது. அவருடைய பெரிய மனக்குறை, பயிற்சி கொடுக்க வரும் வெளிநாட்டு ஆலோசகர்கள் மாறிக்கொண்டே இருப்பதுதான். ஆறு மாதமோ ஒரு வருடமோ இருந்துவிட்டு ஒருவர் போவார்; அடுத்து வருபவர் முதலிலிருந்து கேட்கத் தொடங்குவார். மணிமுத்தாறு சிறப்புக் காவல் படையில் பயிற்சியாளராக இருந்த என் சித்தப்பா, தாம் உருவாக்கிய பையன்களுடனேயே ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர். அவர்களில் ஒருவன் தவறு செய்தால் பத்து வருடம் கழித்தும், ‘உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?’ என்ற கேள்வி சித்தப்பாவிடம்தான் வந்து நிற்கும். அங்கே அந்தக் கேள்வியைக் கேட்க ஆளும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை.

2012இல் ஆப்கன் சீருடை அணிந்தவர்களே வெளிநாட்டு வீரர்களைச் சுட்டுக் கொல்வது பெருகியபோது நிலைமை இன்னும் கசந்தது. ஆலோசகரும் ஆப்கன் அதிகாரியும் எதிரெதிரே அமர்ந்து தேநீர் குடிக்க, தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு வெளிநாட்டு வீரர் ஒருவர் சுவரோரம் காவலுக்கு நிற்பார். அவர் முன்னிலையில் அந்த ஹவில்தார் என்னிடம்கூடப் பேச மாட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். காவலுக்கு நின்றவரையும் சொல்ல மாட்டேன்.

2015 முதல் பயிற்சி, ஆலோசனை, உதவி மட்டும் என்று நேட்டோ பணியின் பெயரும் வடிவமும் மாறின. நான் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டேன். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான்களிடம் வீழ்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பலர், ஆப்கன் வீரன் கோழை என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள். 2001இல் தொடங்கிய அந்த இருபது ஆண்டுப் போரில் ஆப்கன் ராணுவத்தினரும் காவலருமாக 60,000 பேருக்கு மேல் உயிர் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. ஆப்கன் படையினரே பழுது பார்க்கப் பழகியிருந்த ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-17 ஹெலிகாப்டர்களுக்குப் பதிலாக அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைக் கொடுத்து, அவற்றைப் பராமரித்த ஒப்பந்தப் பணியாளர்களையும் 2021இல் திரும்ப அழைத்துக்கொண்டால், மலை உச்சியில் இருக்கும் காவல் சாவடிக்குத் தோட்டாவும் சோறும் எப்படிப் போகும்? கிடங்குக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், சாமான் வராத இடத்தில் எந்தப் படையும் நிற்காது.

ஐ.நா. அமைதிப் படையில் காங்கோவிலோ தெற்கு சூடானிலோ பணியாற்றிய நம் பகுதி முன்னாள் ராணுவத்தினர் இங்கே இருப்பீர்கள். உள்ளூர்ப் படையினருக்குப் பயிற்சி கொடுத்திருந்தால், எத்தனை மாதம் ஒரே அணியோடு இருந்தீர்கள் என்பதையும், நீங்கள் கிளம்பும்போது அவர்களின் சாப்பாடு, எரிபொருள், சம்பளம் ஆகியவை யார் பொறுப்பில் இருந்தன என்பதையும் எழுதுங்கள்.