தம்பியின் பி.ரி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) கோரிக்கை: சின்ன வயதில் ஊரில் பட்டதைச் சொன்னால் பாதகமா?

கல்லடி அக்கா:

வணக்கம். என் தம்பி அமெரிக்க இராணுவத்தில் இருந்தவன். 1998இல், பதினாறு வயதில், அப்பா ஸ்பொன்சர் பண்ணிப் போனான். 2003இல் படையில் சேர்ந்தான். 2005 ஐப்பசியிலிருந்து ஒரு வருடம் ஈராக்கில் லொறி ஓட்டினான். பலத் பக்கத்தில் அனகொண்டா என்றொரு முகாம். அங்கிருந்து டம்பா என்று அவர்கள் பெயர் வைத்த பெருவீதியால் இரவில் தொடரணியாகப் போவார்களாம். 2007இல் விலகி, அடுத்த வருடம் ஊனக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தான். சம்பவத்தை உறுதிப்படுத்த முடியவில்லை என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டான். இப்போது இரண்டு வருடமாக என்னோடும் அம்மாவோடும் கல்லடியில் இருக்கிறான்.

போன மாதம் என்னை மோட்டார் சைக்கிளில் ஆரையம்பதிக்கு ஏற்றிப் போனான். வீதியோரத்தில் வாய் கட்டிய யூரியாப் பை ஒன்று கிடந்தது. யாரோ போட்ட குப்பையாக இருக்கும். ஐம்பது யார் தூரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டான். இறங்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஹான்டிலைப் பிடித்த விரல்கள் வெளிறிப் போயிருந்தன. பின்னால் வந்த பஸ் ஹோன் அடிக்க அடிக்க அசையவே இல்லை. கடைசியில் நான் இறங்கிப் போய் அந்தப் பையைக் காலால் தள்ளிக் காட்டினேன். "ஏன் தொட்டாய்?" என்று மட்டும் கேட்டான். பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மறுபடி விண்ணப்பிக்க இப்போதுதான் சம்மதித்திருக்கிறான். சண்டையில் நின்றதைக் காட்டும் பதக்கம் எதுவும் கையில் இல்லை, படையிலிருந்து விலகும்போது கொடுத்த டி.டி. 214 பத்திரத்தில் சாரதி வேலை என்றுதான் இருக்கிறது. என் பயம் வேறு. 90 ஆனியில் சண்டை தொடங்கி, நாங்கள் வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடியபோது அவனுக்கு எட்டு வயது. ஒரு பிள்ளை பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்தான். சுனாமிக்குப் பிறகும் லீவில் வந்து பத்து நாள் நின்று கிணறு இறைத்தான். பரிசோதிக்கிற டொக்டர், இது மட்டக்களப்பில் வந்த நோய் என்று எழுதிவிட்டால்? பழைய கதையை விட்டுவிடச் சொல்லட்டுமா?

கல்முனைக்காரன்:

அக்கா, தயவுசெய்து மறைக்கச் சொல்லாதீர்கள். இங்கே விர்ஜீனியாவில் முன்னாள் படையினரின் கோரிக்கைகளுக்கு உதவுவதுதான் என் வேலை. ஒன்றை மறைத்தது பிறகு தெரிந்தால், மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

படையில் சேரும்போது வைத்தியப் பரிசோதனை நடந்திருக்கும். அதில் மனநோய் என்று குறிக்கப்படவில்லை என்றால், தம்பி சுகதேகியாகவே சேர்ந்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்கச் சட்டக்கோவையின் 38ஆம் தலைப்பு, பிரிவு 1111. அதை மறுப்பதானால் வீ.ஏ. (முன்னாள் படையினருக்கான அரச திணைக்களம்) இரண்டு விடயத்தைத் தெட்டத்தெளிவாகக் காட்ட வேண்டும்: நோய் முன்பே இருந்தது, படைச் சேவையால் அது கூடவும் இல்லை. எட்டு வயதில் பயங்கரத்தைப் பார்ப்பது வேறு, நோயோடு இருப்பது வேறு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அதையெல்லாம் பார்த்தும் படித்து, வேலைக்குப் போய், நன்றாக இருக்கிறார்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பத்து நாளை விட்டுவிடாதீர்கள். அப்போது அவர் படையில் இருக்கிறார், ஈராக்குக்கு இன்னும் போகவில்லை. எப்படி இருந்தார்? நித்திரை கொண்டாரா? ஆட்களோடு பழகினாரா? 21-10210 என்ற சாட்சிப் படிவத்தில் அதை எழுதுங்கள், கீழே யூரியாப் பையை எழுதுங்கள். முன்னும் பின்னும் கண்ணால் கண்டவர் நீங்கள்தான்.

பதக்கம் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். 2010 ஆடி 13 முதல் விதி மாறிவிட்டது. எதிரியின் தாக்குதலுக்கு அஞ்சிய நிலைதான் காரணம் என்றால், அவர் சொல்வது சேவை செய்த இடத்துக்கும் வேலைக்கும் பொருந்தினால், அதை மறுக்கும் தெளிவான, வலுவான சான்று இல்லாவிட்டால், அவர் வாய்மொழியே போதும். ஆனால் நோய்க்கு அது போதிய காரணம், அறிகுறிகளும் அதனோடு தொடர்புள்ளவை என்று வீ.ஏ.யின் அல்லது வீ.ஏ. ஒப்பந்தம் செய்த மனநல மருத்துவரோ உளவியலாளரோ உறுதிப்படுத்த வேண்டும். 2008இல் இந்த வழி இருக்கவில்லை.

பழைய முடிவு இருப்பதால், மறுபடி கேட்பதற்கான 20-0995 படிவத்தைப் புதிய பொருத்தமான ஆதாரத்தோடு அனுப்ப வேண்டும். இலங்கையிலிருந்து போகும் கோரிக்கைகளை பிற்ஸ்பேர்க் அலுவலகம் பார்க்கும். கொடுப்பனவு தொடங்கும் தேதி பெரும்பாலும் புது விண்ணப்பத்திலிருந்துதான் கணக்கு. 2008இல் கோப்பில் சேராத படைப் பதிவு ஏதும் இப்போது கிடைத்து, அதை வைத்தே அனுமதி வந்தால், பழைய தேதிக்குப் போகவும் வழி இருக்கிறது. அதனால் தம்பி இருந்த படை அலகின் பதிவுகளைத் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

வாழைச்சேனை மகள்:

அக்கா, என் கணவரும் அங்கே படையில் இருந்தவர். நடந்த சம்பவத்தை விவரிக்கும் 21-0781 படிவத்தில் அவர் முதலில் எழுதியது "பல தாக்குதல்கள்" என்று இரண்டே சொல். பிறகு ஒரே ஒரு இரவை எழுத வைத்தோம். எந்த மாதம், எந்த இரு முகாம்களுக்கு இடையில், தொடரணியில் எத்தனையாவது வண்டி. இரண்டு மாத இடைவெளிக்குள் காலத்தைச் சொன்னால் பதிவில் தேடுவது சுலபம். ஒரே நாளில் எழுதி முடிக்கச் சொல்லாதீர்கள். எழுதிய இரவில் இவர் நித்திரை கொள்ளவே இல்லை, நானும் கூட விழித்திருந்தேன்.

தம்பி இங்கே மனநலக் கிளினிக் போனால் அந்தக் கிளினிக் கொப்பியை எறியாதீர்கள். ஒவ்வொரு பக்கமும் ஸ்கான் பண்ணி அனுப்பலாம்.

கல்லடி அக்கா:

இரண்டு பேருக்கும் மிச்சம் நன்றி. நேற்று இரவு தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். சரி, ஊர்க் கதையையும் சொல்கிறேன் என்றான்.

அந்தப் பத்து நாள் நல்லா ஞாபகம். எங்கள் கிணற்றோடு நிற்கவில்லை, ஒழுங்கையில் நாலு கிணறு இறைத்தான். இரவில் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்து, விடிந்து வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்குவான். அம்மா தண்ணி தெளித்துத்தான் எழுப்புவா. இப்போது படலைப் பூட்டை இரவில் மூன்று நாலு தடவை போய்ப் பார்க்கிறான்.

இன்னொன்று. தானும் சாட்சி சொல்ல வேண்டும் என்று அம்மா நிற்கிறா. கண் மங்கலால் கையெழுத்துப் போட ஏலாது, பெருவிரல் அடையாளம்தான். எடுப்பார்களா?

கல்முனைக்காரன்:

எடுப்பார்கள் அக்கா. இரண்டு சாட்சிகள் பக்கத்தில் இருந்து கையெழுத்தும் விலாசமும் போட வேண்டும். அம்மா சொல்வதை அவர் சொன்னபடியே தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள். தண்ணி தெளித்து எழுப்பியதை அவரே சொல்லட்டும்.