வயர்ஷார்க்கில் விண்டோ 501 பைட், பாக்கெட்டில் தரவு 1448 பைட்: எப்படிச் சாத்தியம்?

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவி):

வணக்கம். பொறியியல் படிப்பில் இந்தப் பருவத்தில் எங்களுக்குக் கணினி வலையமைப்புகள் பாடம் நடக்கிறது. ஆய்வகப் பயிற்சிக்காக, ஒரு லினக்ஸ் சர்வரிலிருந்து பெரிய கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தபோது வயர்ஷார்க் என்ற, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருளைத் தொடங்கி டிசிபி (தரவைத் தொலையாமல் வரிசையாகக் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) பாக்கெட்டுகளைப் பதிவு செய்தேன். சர்வர் அனுப்பும் பாக்கெட்டுகளின் தலைப்பில் விண்டோ 501 என்றே இருக்கிறது. அதே பாக்கெட்டுகள் சுமந்து வரும் தரவோ 1448 பைட். பெறுபவர் அறிவித்த விண்டோவுக்கு (அவர் வாங்கிக்கொள்ளக்கூடிய அளவு) மேல், ஒப்புகை ('கிடைத்தது' என்ற பதில்) வராத தரவை அனுப்பக் கூடாது என்றுதான் படித்திருக்கிறோம். இங்கே விதி மீறப்படுகிறதா, அல்லது அந்த எண்ணுக்கு வேறு பொருள் உண்டா? நெரிசல் விண்டோவின் அளவு தலைப்பின் எந்தப் புலத்தில் இருக்கிறது என்பதும் தெரியவில்லை. பதிவேட்டில் விளக்கம் எழுத வேண்டும். தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பதில் 1 (வலையமைப்புப் பொறியாளர்):

விதி மீறப்படவில்லை. 1981-இல் வெளியான டிசிபி வரையறையில் விண்டோ புலத்துக்கு 16 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டது. ஆகவே அதில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 65,535. போய்வரும் நேரம் 100 மில்லி விநாடியாக உள்ள இணைப்பில் ஒரு சுற்றுக்கு 65,535 பைட் மட்டுமே அனுப்பினால், கம்பி 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 10 கோடி பிட்) தாங்கினாலும் கிடைக்கும் வேகம் ஏறத்தாழ 5.24 எம்பிபிஎஸ்தான். அந்தக் கம்பியை நிரப்ப 12,50,000 பைட் வழியில் இருக்க வேண்டும். இதற்காகவே 1992-இல் ஆர்எஃப்சி 1323 என்ற இணைய நெறிமுறை ஆவணம் விண்டோ பெருக்கத்தை வரையறுத்தது. தலைப்பில் உள்ள எண்ணை 2-இன் ஓர் அடுக்கால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அந்த அடுக்கு 14 வரை போகலாம்.

அடுக்கு எவ்வளவு என்பதை இரு தரப்பும் தொடக்கக் கைகுலுக்கலின் சின் (SYN, இணைப்பைத் தொடங்கும்) பாக்கெட்டுகளில் மட்டுமே சொல்லிக்கொள்கின்றன. நீங்கள் நடுவில் பதிவைத் தொடங்கியதால் வயர்ஷார்க்குக்கு அது தெரிய வழியில்லை. பெருக்கக் காரணி இருக்க வேண்டிய இடத்தில் -1 என்று காட்டியிருக்கும், கவனித்துப் பாருங்கள். லினக்ஸில் அடுக்கு 7 ஆக இருப்பதைப் பரவலாகக் காணலாம். அப்படியானால் 501-ஐ 128-ஆல் பெருக்க வேண்டும். விடை 64,128 பைட்.

பதில் 2 (விரிவுரையாளர்):

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் அதற்கு முன்பே தெளிவாக வேண்டிய ஒன்று இருக்கிறது. டிசிபி இருவழித் தொடர்பு. ஒரு பாக்கெட்டில் உள்ள விண்டோ, அந்தப் பாக்கெட்டை அனுப்பியவர் தாம் எவ்வளவு வாங்கிக்கொள்ள முடியும் என்று எதிர்த்தரப்புக்குச் சொல்வது. சர்வரின் பாக்கெட்டில் இருக்கும் 501 உங்கள் மடிக்கணினி சர்வருக்கு அனுப்பக்கூடிய அளவைத்தான் குறிக்கிறது. அதே பாக்கெட்டில் வரும் 1448 பைட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கோப்பு இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உங்கள் மடிக்கணினி திருப்பி அனுப்பும் ஒப்புகைகளில் உள்ள விண்டோ. மாணவர்கள் மிகுதியாகக் குழம்புவது இந்தத் திசையில்தான் என்பதால் பதிவேட்டில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

நெரிசல் விண்டோ எந்தப் புலத்திலும் இல்லை. அது அனுப்புபவர் தமக்குள் வைத்துக்கொள்ளும் கணக்கு. பெறுபவரின் விண்டோ, பெறுபவரின் இடவசதியைச் சொல்கிறது. வழியிலுள்ள ரூட்டர்களின் நிலையை அது சொல்ல முடியாது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இருமுனைகளிலும் இடம் இருந்திருக்கலாம், வழியில் இல்லை. வேன் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட வழிமுறைகளிலிருந்துதான் நெரிசல் விண்டோ டிசிபிக்குள் வந்தது. ஒப்புகை தவறாமல் வந்தால் அதை உயர்த்துவதும், பாக்கெட் தொலைந்தால் தாழ்த்துவதும் அனுப்புபவரின் பொறுப்பு. இந்த இரண்டு விண்டோக்களில் எது சிறியதோ, அதுதான் வழியில் இருக்கக்கூடிய தரவின் உச்சவரம்பு. இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வரியை மனத்தில் நிறுத்துவதானால் இதை நிறுத்துங்கள் என்பேன்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. பதிவை முதலில் தொடங்கிவிட்டுப் பிறகு கோப்பை இறக்கினேன். சின் பாக்கெட்டில் அடுக்கு 7 என்று தெளிவாகத் தெரிகிறது. என் மடிக்கணினி அறிவிக்கும் விண்டோ படிப்படியாகப் பெருகிப் பல லட்சம் பைட்டுக்குப் போகிறது. அப்படியிருந்தும் இடையில் வேகம் குறைகிறது. காரணம் நெரிசல் விண்டோதான் என்று எழுதலாமா, ஐயா?

பதில் 2 தந்தவர்:

சான்று இல்லாமல் எழுத வேண்டாம். வேகம் குறைந்த இடத்தில் ஒரே ஒப்புகை எண் திரும்பத் திரும்ப வருகிறதா, அதைத் தொடர்ந்து மறு அனுப்புகை நடக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் வழியில் பாக்கெட் தொலைந்து சர்வர் நெரிசல் விண்டோவைச் சுருக்கியது என்று எழுதலாம். அவை இல்லாமல் வேகம் குறைந்தால், சர்வரே தரவைத் தாமதமாகக் கொடுத்திருக்கவும் கூடும். வழியில் உள்ள பைட்டுகளை உங்கள் முனையில் பிடித்த பதிவைக் கொண்டு துல்லியமாகக் கணக்கிட முடியாது. ஆய்வகச் சர்வரில் அனுமதி கிடைத்தால் அங்கும் ஒரு பதிவு எடுத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.