‘மோர் பிக்கர்’ என்று எழுதும் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள். ‘பிக், பிக்கர், பிக்கஸ்ட்’ பட்டியலைத் தலைகீழாக ஒப்பிக்கிறார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பாதிப் பேர் ‘மை பிரதர் இஸ் பிக் தேன் மீ’ என்கிறார்கள்; மீதிப் பேர் ‘மோர் பிக்கர்’ என்கிறார்கள். எத்தனை முறை திருத்திக் கொடுத்தாலும் அதே பிழை. நல்ல சூட்டிகையான பிள்ளைகள். அவர்கள் மனத்தில் எங்கே சிக்கிக்கொள்கிறது?

பதில்: ராயபுரம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

அம்மா, அந்தப் பிள்ளைகள் தமிழைச் சரியாகப் பேசுவதால் வருவது இது. ‘அண்ணன் என்னைவிடப் பெரியவன்’ என்கிறோம். ‘விட’ போய் ஒட்டுவது ‘என்னை’ என்பதில். ‘பெரியவன்’ அசைவதே இல்லை. ஆங்கிலத்திலோ ‘தேன்’ போட்டதோடு வேலை முடியாது, ‘பிக்’கும் ‘பிக்கர்’ ஆகவேண்டும். ‘தேன்’ எழுதியதுமே ஒப்பிட்டாகிவிட்டது என்று பிள்ளை நினைத்துவிடுகிறது. பட்டியலைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். ‘தேன்’ வரும் இடத்திலெல்லாம் அதற்கு முன்னால் நிற்கும் சொல்லைத் தொட்டுப் பார்க்கப் பழக்குங்கள்.

‘மோர் பிக்கர்’ வேறு கதை. சின்னச் சொல்லுக்கு ‘இ ஆர்’, ‘பியூட்டிஃபுல்’ போன்ற நீண்ட சொல்லுக்கு ‘மோர்’, இரண்டில் ஒன்றுதான். ‘ஹேப்பி’ மாதிரி ‘ஒய்’யில் முடியும் ஈரசைச் சொற்கள் சின்னவற்றோடு சேரும். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களே இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள், ஆகவே பிள்ளைகளை அதட்ட வேண்டாம்.

உதாரணத்துக்கு நம் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. எழும்பூர் நிலையக் கட்டடம் 1908, சென்ட்ரல் 1873, ராயபுரம் 1856. எழும்பூர் ‘ஓல்ட்’, சென்ட்ரல் அதைவிட ‘ஓல்டர்’, மூன்றிலும் ராயபுரம்தான் ‘தி ஓல்டஸ்ட்’. அந்தத் ‘தி’யை விடக்கூடாது. முடிந்தால் பிள்ளைகளை ராயபுரம் நிலையத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம். அந்தத் தூண்களைப் பார்த்த பிள்ளை ‘ஓல்டஸ்ட்’டை மறக்காது.

பதில்: காசிமேடு

எங்கள் வீட்டில் மீன் வியாபாரம். என் மகளுக்கு இது மீன் விலையில்தான் பிடிபட்டது. ‘வஞ்சிரம் இஸ் காஸ்ட்லியர் தேன் சங்கரா’ என்று அவளாகவே சொன்னாள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த உண்மையைச் சொல்ல விடுங்கள் அக்கா. அப்போது அவர்கள் கவனம் முழுவதும் சொல்லின் மேல் இருக்கும்.

தண்டையார்பேட்டை வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. ‘தேன்’ வந்தால் முன்சொல்லைத் தொடு என்பதை இன்றே தொடங்குகிறேன். ஐயா, ஒரு சந்தேகம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘சீனியர் தேன் மீ’ என்று எழுதியிருக்கிறாள். இலக்கணப் புத்தகம் தவறு என்கிறது. ஏன்?

ராயபுரம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவம் பெற்று ஆங்கிலத்துக்கு வந்தவை. அவற்றுக்கு ‘மோர்’ சேராது. ‘தேன்’ இடத்தில் ‘டு’ வரும். ‘ஷி இஸ் சீனியர் டு மீ.’ இதை அந்தப் பெண்ணுக்கு மட்டும் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘தேன்’ கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.