குடும்பக் குழு: கதிருக்குக் கண் மஞ்சள்

கலா: கதிருக்குச் சாப்பாடு இறங்கவே இல்லை. இன்று பார்த்தால் கண் மஞ்சளாக இருக்கிறது. சிறுநீரும் எண்ணெய் நிறத்தில் போகிறது.

பெரியம்மா: காமாலைதான், பயப்படாதே. நம் பின்கட்டில் கீழாநெல்லி மண்டிக் கிடக்கிறது. வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடு. உப்பு, புளி, எண்ணெய் ஆகாது.

சித்தப்பா: அண்ணி கை பட்டால் காமாலை மஞ்சக்குப்பத்தைத் தாண்டி ஓடிவிடும் 😀

நந்தினி: அக்கா, முதலில் ரத்தப் பரிசோதனை. கல்லீரல் நிலையைக் காட்டும் பிலிருபின், எஸ்ஜிபிடி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ, பி வைரஸ், கூடவே ரத்தம் உறையும் நேரம். இன்றே.

பெரியம்மா: உன் அப்பா இதைக் குடித்துத்தான் எழுந்தார், தெரியுமா?

நந்தினி: தெரியும் பெரியம்மா. தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே ஆறிவிடும். அப்போது எதைக் குடித்தாலும் பேர் அதற்குத்தான். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். எலிக்காய்ச்சலிலும் ஆகும். போன வாரம் மழைத்தண்ணீரில் நடந்த பையன். எலிக்காய்ச்சல் என்றால் ஆன்டிபயாடிக் வேண்டும், காத்திருக்க முடியாது.

சித்தப்பா: கீழாநெல்லி கேட்கும் என்று சென்னையில் ஆராய்ச்சி செய்து நிரூபித்ததாக ஃபார்வர்ட் வந்ததே?

நந்தினி: 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் உண்டு. 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி அடையாளம் மறைந்தது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஃபார்வர்டில் முதல் பாதிதான் சுற்றுகிறது.

பெரியம்மா: சரி, போய்ச் சோதித்துவிட்டு வா கலா. சாக்கடை ஓரத்துச் செடியை மட்டும் பிடுங்காதே. தண்டு சிவந்திருந்தால் அது வேறு ஜாதி.

கலா: ரிசல்ட் வந்துவிட்டது. ஹெபடைடிஸ் ஏ. ரத்தம் உறைவது சரியாக இருக்கிறதாம். ஓய்வும் கொதித்தாறிய தண்ணீரும் போதும், உப்பை நிறுத்தாதே, கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதே என்றார் டாக்டர். கல்லீரல் ஆறும்வரை கீழாநெல்லியும் வேண்டாமாம்.

நந்தினி: நல்லது. தூக்கக் கலக்கம், உளறல், ஓயாத வாந்தி என்றால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பிவிடு.

சித்தப்பா: அப்போ அண்ணி அரைத்து வைத்தது? நான் குடித்துவிடவா?

நந்தினி: சித்தப்பா! நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். கீழாநெல்லியும் சர்க்கரையை இறக்கலாம். இரண்டும் சேர்ந்தால் மயக்கம் வரலாம்.

பெரியம்மா: கொட்டிவிட்டேன். மோர் இருக்கிறது தம்பி, வந்து குடியுங்கள்.