வாங்கின காரில் அலாரம் ராத்திரியில் கத்துகிறது, எப்படி நிறுத்துவது? அவசரம்

கொட்டகலை தம்பி:
அண்ணன்மாரே, பாவித்த கார் ஒன்று எடுத்தேன். டெஷ்போர்டில் சிவப்பு லைட் ஒன்று விட்டு விட்டு எரிகிறது. நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்து போன் பேசி, திரும்ப சாவியைத் திருப்பினால் செல்ப் அடிப்பதே இல்லை, ரிமோட்டில் எதையாவது அமுக்கினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ராத்திரி மழை வந்தால் சைரன் வேறு. லயத்தில் எல்லாரும் என்னை ஏசுகிறார்கள். விற்றவர் போன் எடுக்கிறாரில்லை.

பண்டாரவளை ரைடர்:
என்ன கார்? எந்த வருசம்? ரிமோட் சாவியிலேயே இருக்கிறதா, தனியாகத் தொங்குகிறதா?

மூடுபனி:
பெட்டரிதான், வேறொன்றுமில்லை. குளிருக்கு பெட்டரி இறங்கும், வோல்ட் குறைந்தால் சில அலாரம் கத்தும். மாற்றிவிடுங்கள்.

லொறிக்காரன்:
எலி தம்பி எலி. தேயிலைக்குள் நிறுத்தினால் வயரைக் கடிக்காமல் விடுமா. பொனட்டைத் திறந்து பாருங்க.

வயரிங் மாமா:
கார் பெயரைக்கூட எழுதாமல் அவசரமாம். இங்கே எல்லாரும் என்ன சாத்திரமா பார்க்கிறோம்? இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதுவது. இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் ஆகவிடாதது, வேறு, அலாரம் வேறு. கம்பனி இம்மொபிலைசர் சாவிக்குள் இருக்கும் சிப்பைப் பார்க்கும், அதற்கு ரிமோட்டை அமுக்க வேண்டியதில்லை. உங்களுடையது வெளியில் வாங்கிப் பூட்டின அலாரம். முதலில் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

கொட்டகலை தம்பி:
2015 ஆல்டோ 800. ரிமோட் தனி. எலி இல்லை, பார்த்துவிட்டேன்.

லொறிக்காரன்:
ஆல்டோவா! அதை வைத்துக்கொண்டு இறம்பொடை மலை ஏறுவதற்கு அலாரம் எதற்கு, எவன் திருடுவான். டொயோட்டா விட்ஸ் எடுத்திருக்கலாம்.

பண்டாரவளை ரைடர்:
அண்ணே, ஆல்டோ 796 சிசி, சின்ன விட்ஸ் 996 சிசி, இரண்டுமே மூன்று சிலிண்டர்தான். இருநூறு சிசிக்கு இவ்வளவு பேச்சா? விட்ஸைவிடக் குறைந்த விலைக்கு ஆல்டோ கிடைக்கும்போது தம்பி என்ன செய்வார்.

லொறிக்காரன்:
நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏறிப் பாருங்கள், அப்புறம் சிசி கணக்கு பேசுவோம்.

நுவரெலியா டீச்சர்:
கார் சண்டையை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, இரண்டு விசயம் கலந்து கிடக்கிறது. சாவியை ஓஃப் செய்து கொஞ்ச நேரத்தில் தானாகவே செல்ப்பை வெட்டிவிடுவது பழுதில்லை, அந்த அலாரத்தின் குணமே அதுதான், ரிமோட்டில் அன்லொக் அமுக்கினால் விடும். வேண்டாமென்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே, பியூஸ் பெட்டிப் பக்கம், விரல் நுனி அளவில் ஒரு கறுப்பு பட்டன் ஒளிந்திருக்கும். வெலட் சுவிச் என்பார்கள். சாவியை ஓனில் வைத்து அதைக் கொஞ்சம் அமுக்கிப் பிடியுங்கள், சிவப்பு லைட் விடாமல் எரிந்தால் அலாரம் தூங்கிவிட்டது என்று அர்த்தம். முறை அலாரத்துக்கு அலாரம் கொஞ்சம் மாறும். மழையில் கத்துவதற்கு, பொனட் மூடியிருக்கிறதா என்று அலாரத்துக்குச் சொல்லும் சின்ன ஊசி மாதிரியான சுவிச்சைப் பாருங்கள், இங்கத்தைய ஈரத்துக்கு அது கறள் பிடித்து, பொனட் திறந்திருப்பதாக அலாரத்துக்குப் பொய் சொல்லும். லொக் செய்யும்போது வழக்கத்தைவிட அதிகமாகக் கீச் கீச் என்கிறதா?

வயரிங் மாமா:
இதைத்தான் நானும் சொன்னேன். அதிர்வைக் கண்டுபிடிக்கும் ஷொக் சென்சரை மறந்துவிட்டீர்கள். சின்னப் பெட்டி, மேலே ஒரு ஸ்க்ரூ, குறைக்கிற பக்கம் லேசாகத் திருப்பினால் தகரத்தில் மழை அடிப்பதற்கெல்லாம் கத்தாது.

பண்டாரவளை ரைடர்:
மாமா, நீங்கள் எங்கே சொன்னீர்கள்?

மூடுபனி:
பெட்டரியையும் ஒருக்கா பாருங்கள்.

கொட்டகலை தம்பி:
பட்டன் கிடைத்தது, பியூஸ் பெட்டிக்குப் பின்னால். லைட் நின்று எரிகிறது. பொனட் சுவிச் முழுக்கக் கறள்தான். நன்றி டீச்சர்.

நுவரெலியா டீச்சர்:
சுவிச்சை மாற்றினீர்களா, துடைத்துவிட்டீர்களா? துடைத்தது அடுத்த மழை வரைக்கும்தான். மாற்றினதும் வெலட்டை ஓஃப் செய்துவிடுங்கள், இப்போது காருக்கு அலாரமே இல்லை.

லொறிக்காரன்:
தம்பி போய்விட்டார். ரைடர், இறம்பொடைக்கு எப்போது வருகிறீர்கள்?